சத்தமில்லாத ஹிந்திப் படம்

அந்தப் படத்தை எடுத்த மனுசன் இப்போது உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இருந்தால் அவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்க வேண்டும். ஐயா, உங்கள் கதாநாயகி ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் சும்மா நின்றாளே, அந்த நேரத்துக்கு ஒரு மேளமாவது தட்டியிருக்கக் கூடாதா? ஒரு நாயாவது குரைத்திருக்கக் கூடாதா? பெரிய கலைஞராம். வெளிநாட்டில் பரிசு வாங்கினவராம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் அவரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தது. எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினெட்டு. அண்ணன் கொழும்பில் பெரியப்பா வீட்டில் நிற்கிறான் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. அவனோ ஐந்து மாதமாக எங்கள் வீட்டு உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. ஆமி ஒரு சுற்றிவளைப்பில் ஊர்ப் பெடியன்களை வரிசையில் நிறுத்தியபோது, ஆளைக் காட்டிக்கொடுக்க முகத்தை மூடிக்கொண்டு வந்த தலையாட்டி அவனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டான். ஏன் ஆட்டினான் என்று அந்தத் தலையாட்டிக்கே தெரிந்திருக்காது. அண்ணன் வரிசையிலிருந்து பாய்ந்து, வாவிக்குள் குதித்து, கண்டல் மரங்களுக்குள் இரண்டு நாள் கிடந்து வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு உள்ளே போனவன்தான். இந்த விசயம் அப்பா, அம்மா, மாமா, நான் என நாலு பேருக்கு மட்டும் தெரியும். வெளியே மூச்சு விட்டால் நாக்கை அறுப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தா. நான் விடவில்லை. ஒன்பது வயதில் அது பெரிய காரியம், இப்போதும் அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அண்ணனுக்குத் துணை ஒரு சின்ன ரேடியோ. பற்றறி இறங்கினால் நான் அதை எடுத்துப்போய்க் கிணற்றுக் கட்டில் வெயிலில் காயவைப்பேன், மறுகா இன்னும் இரண்டு நாளைக்குப் பாடும். அதில்தான் அந்தப் படத்தின் பாட்டு வரும். ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டு. எங்களுக்கு ஒரு சொல் விளங்காது, ஆனாலும் அது தொடங்கினால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

"இது தோணியில போய்க்கொண்டு பாடுறா. கேளு, தண்ணியில துடுப்பு விழுற சத்தம் கேக்குது" என்பான் அண்ணன்.

"இல்ல, மலையில. கதாநாயகி எல்லாரும் மலையிலதான் பாடுவாங்க."

"நீ எந்த மலையக் கண்ட?"

"நீ எந்தக் கதாநாயகியக் கண்ட?"

இப்படியே போய்க் கடைசியில் பந்தயம் கட்டினோம். தோற்றவர் மற்றவரை ஒரு கிழமைக்குப் பேர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடக் கூடாது. நான் தோற்றால் அவனை ராசா என்று கூப்பிட வேண்டும். அவன் தோற்றால் என்னை ராணி என்று கூப்பிட வேண்டும். நான் ராணியாவது நிச்சயம் என்றிருந்தேன்.

படத்தைப் பற்றிப் புழுகித் தள்ளியவர் மாமா, அம்மாவின் தம்பி. குவைத்தில் நாலு வருடம் கட்டட வேலை செய்துவிட்டு வந்தவர். கூட வேலை செய்தவர்கள் ஹிந்திக்காரர்கள் என்பதால் ஊரில் ஹிந்தி தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அந்தப் படம் வர முன்னமே அதைப் பார்த்தவர்போலக் கதைப்பார். பத்து வருடமாக எடுத்தார்களாம். வெள்ளைக்காரன் எழும்பி நின்று கைதட்டினானாம். "அத்தான், இனி ஒருத்தனும் படம் எடுக்கத் தேவையில்ல, அவ்வளவுதான்" என்று அப்பாவிடம் முடிவாகச் சொன்னார். சலூனில், சந்தியில், கோயில் வாசலில் எல்லாம் இதே கதை. குடியிருக்கவே இடமில்லாமல் சனம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், காணாத ஒரு படத்துக்காக எங்கள் ஊர் ஏங்கிக்கொண்டிருந்தது என்றால் அதற்கு மாமாவின் வாய்தான் காரணம்.

மாசி வெள்ளாண்மை வெட்டி நெல் மூட்டைகள் வீட்டுக்கு வந்த நேரம், அண்ணன் சோறு தின்பதை விட்டுவிட்டான். காய்ச்சலுமில்லை, கோபமுமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். அம்மா பக்கத்தில் இருந்து கெஞ்சினா.

"என்ன மனே வேணும்? சொல்லு மனே. நான் என்னத்தையாவது செய்து தாறன்."

சுவரைப் பார்த்தபடியே அவன் சொன்னான். "அந்தப் படத்த ஒருக்காப் பாக்கணும்."

ஐந்து மாதத்தில் அவன் கேட்டது அது ஒன்றுதான். அம்மா அன்றைக்கே மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டா.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் டிவியும் வீடியோ டெக்கும் படக் கசற்றும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுக்கலாம். தோணியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் சனம் வரும், வராதே என்று சொல்ல முடியாது. அதனால் சனம் நடுவறையில் இருக்கட்டும், அண்ணன் உள்ளறையில் இருந்து கதவு நீக்கலால் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அண்ணன் அன்றிரவு இரண்டு கோப்பை சோறு தின்றான். அம்மா அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தா.

மறுநாள் பத்து மணிபோல மாமா சாமான்களோடு வந்து சேர்ந்தார். முகமெல்லாம் பல்.

"அக்கா, ஒரு விசயம் கேளுங்க. துறையில காவல் நிக்கிற ஆமிக்காரன் பெட்டியத் திறந்து பாத்தான். கசற்றக் கண்டதும் ஆளுக்குச் சந்தோசம் தாங்கல. நான் ஹிந்தியிலயே கதைச்சன். அவங்களும் பாக்க வாறாங்களாம்!"

அப்போது எங்கள் பக்கத்தில் காவலுக்கு நின்றது இந்தியாவிலிருந்து வந்த, ஹிந்தி பேசுகிற ஆமி. உலகத்திலேயே இந்த மனுசனின் ஹிந்தியை யாரிடம் காட்டக் கூடாதோ, அவர்களிடம் போய்க் காட்டிவிட்டு வந்து நிற்கிறார். அம்மாவின் கையிலிருந்த சுளகு கீழே விழுந்தது. அப்பா மாமாவின் சட்டைக் கொலரைப் பிடித்துவிட்டார். அப்பா கைநீட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"உன்ட வாய்க்கு ஒரு பூட்டுப் போடமாட்டியா நீ? உள்ளுக்கு ஆர் இருக்கிறான் எண்டு தெரியாதா உனக்கு?"

"நான்… சும்மா பெட்டிய விடட்டும் எண்டுதான் அத்தான்…"

இனிப் படம் இல்லையென்றால் ஏன் இல்லையென்று கேட்பார்கள். அண்ணனை வெளியே அனுப்பவும் முடியாது. பட்டப்பகல், முற்றத்தில் ஏற்கெனவே சனம். வீட்டுக்குள் வருகிற ஆமி எப்போதும் அறைகளைத் திறந்து பார்க்கும், அதனால் உள்ளறையும் ஆகாது. மிஞ்சியது நடுவறையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகள். அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் குந்தியிருக்கக்கூடிய இடம் விட்டிருந்தது. அவசரத்துக்கென்று அப்பாவே விட்டு அடுக்கியது.

"டிவிய மூட்டைக்கு முன்னால வை. அப்பதான் ஒருத்தனும் போய்ச் சாயமாட்டான்" என்றார் அப்பா.

"ஓம் அத்தான். படத்துச் சத்தத்தில அவன் தும்மினாலும் கேக்காது. ஹிந்திப் படமெண்டா சும்மாவா? சண்டை, இடி, முழக்கம், பாட்டு…" என்றார் மாமா. அந்த நேரத்திலும் அந்தப் படத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

அண்ணன் மூட்டைகளுக்குப் பின்னால் இறங்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பாட்டு வரும்போது கவனமாகப் பார் என்பதற்கு.

மூன்று ஆமிக்காரர்கள் வந்தார்கள். அறையைத் திறந்து பார்த்தார்கள், குசினியைப் பார்த்தார்கள், பிறகு முன்வரிசையில் அமர்ந்து துவக்கைத் தொடையில் வைத்துக்கொண்டார்கள். ஒருவன் மீசைகூடச் சரியாக முளைக்காத பெடியன். அம்மா நடுங்காத கையோடு பிளேன்ரீ கொடுத்தா. வந்திருந்த சனத்துக்கு எழும்பிப் போகவும் பயம், இருக்கவும் பயம். எல்லாருடைய முகமும் டிவியைப் பார்த்திருந்தது. அதாவது எல்லாரும் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு டிவியும் ஐந்தடுக்கு மூட்டையும்.

படம் தொடங்கியது. ஒரு மாட்டுவண்டி போனது. போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. வண்டியில் ஒரு கிழவர். அவரும் பேசவில்லை, மாடும் பேசவில்லை. மாட்டுவண்டி பார்க்க எங்களுக்கு எதற்கு ஜெனரேட்டர்? படலையைத் திறந்தால் இலவசமாகப் பார்க்கலாமே. சண்டை எப்போது வரும், சண்டை எப்போது வரும் என்று நான் மாமாவின் கையைக் கிள்ளினேன். "பொறு புள்ள, வரும்" என்றார். கடைசிவரை வரவில்லை. ஒரு பஞ்சப்பட்ட ஊர், ஒரு அடுப்பு, ஒரு பெண், அவளுக்கு ஏதோ பெரிய துக்கம். என்ன துக்கம் என்று அவளும் சொல்லவில்லை, எடுத்தவரும் சொல்லவில்லை. ஒருவர் ஒரு வார்த்தை சொல்வார், மற்றவர் பதிலுக்கு வானத்தைப் பார்ப்பார், நாங்களும் அவரோடு சேர்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு தடவை படம் மௌனமாகும்போதும் அம்மா குசினி வாசலில் எதையாவது போட்டு உருட்டினா. மாமா உரத்த குரலில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். "இப்ப அவன் அவளிட்டச் சொல்லுறான், கெதியாக் கொண்டு வா எண்டு." முன்னால் இருந்த ஆமிக்காரன் திரும்பி மாமாவை விசித்திரமாகப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமாவுக்குத் தெரிந்த ஹிந்தி முழுதும் சிமெந்து கொண்டு வா, கல்லைத் தூக்கு, கெதியாகச் செய் என்பதுதான். நாலு வருடமாக அவரிடம் வேறு யாரும் வேறெதுவும் பேசியிருக்கவில்லை.

பிறகு நடந்தது இன்னும் கேவலம். படத்தில் வண்டி ஒன்று தூரத்தே போக, பின்னால் ஓடிவந்த ஒருவன் "ருக்கோ!" என்று கத்தினான். நில் என்று அர்த்தம். எங்கள் ஊருக்குத் தெரிந்த ஹிந்தி அந்த ஒரு சொல்தான். துறையில், சந்தியில், வயலுக்குப் போகும் வழியில் தினமும் கேட்பது. நடுவறையில் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும், அப்பா உட்பட, படக்கென்று எழும்பி இரண்டு கையையும் தலையில் வைத்துவிட்டார்கள்.

ஆமிக்காரர்கள் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா கையை மெதுவாக இறக்கினார். எனக்கு அப்பாமேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. டிவிக்குள் இருக்கிறவனுக்குப் போய் யாராவது கையைத் தூக்குவார்களா? என்ன அப்பா இவர்? அவர் கையை ஏன் அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள், அதற்கு அவர் எத்தனை தடவை வெயிலில் நின்றிருப்பார் என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு. சிரித்தவர்கள்மேல் வரவேண்டிய கோபத்தை அப்பாமேல் வைத்தேன்.

அதற்குப் பிறகு பாட்டு வந்தது. எங்கள் பாட்டு. அவள் பாடினாள்.

தோணியில்தான். ஒரு பெரிய ஆற்றில் தனியாகத் துடுப்பு வலித்துக்கொண்டு பாடினாள். மலையுமில்லை, ஒரு மேடுகூட இல்லை. ரேடியோவில் கேட்ட பாட்டில் பாதியைக் காணோம், அதையும் வெட்டியிருந்தார்கள். படம் முழுக்கப் பொறுத்திருந்தது இதற்குத்தானே! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்பது ஞாபகம் வந்தது, தோற்றுப்போனேன் என்பதும் ஞாபகம் வந்தது. இரண்டாவதுதான் அதிகமாகக் கொதித்தது.

பாட்டு முடிந்ததும் அவள் வீட்டுக்குள் போய் ஒரு சுவருக்கு முன்னால் நின்றாள். ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தச் சுவர். இசை இல்லை. பேச்சு இல்லை. காற்றுச் சத்தம்கூட இல்லை. ஜெனரேட்டரை மாமா வளவின் கோடிக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார், படம் நன்றாகக் கேட்கட்டும் என்று. அவள் நிற்கிறாள், நிற்கிறாள். எங்கள் வீட்டுக்குள் நாற்பது பேர் மூச்சு விடுவது கேட்கிறது.

மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தும்மல்.

நெல்லுத் தூசும் சுணையும் எவனைத்தான் விட்டன? இரண்டு மணி நேரம் அதைப் பொறுத்திருந்தானே, அதுவே பெரிது. அடக்கி, பொத்திக்கொண்டு தும்மிய தும்மல், அவ்வளவு சத்தமுமில்லை. வேறு எந்தப் படமாக இருந்தாலும் கேட்டிருக்காது. கத்திச்சண்டைப் படம் என்றால் நூறு தும்மல் தும்மியிருக்கலாம், பாவி!

அம்மா அந்த நொடியிலேயே தும்மினா. ஓடிவந்து டிவிக்குப் பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பத் திரும்பத் தும்மினா. "நெல்லுத் தூசு சேர், நெல்லுத் தூசு" என்றா. அப்பா இருமினார். மாமா இருமினார். மீசை முளைக்காத பெடியன் அம்மாவைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான், மறுபடி அம்மாவைப் பார்த்தான். பிறகு படத்தைப் பார்த்தான். அவள் இன்னும் சுவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் ஓடியது அந்தப் படம். நான் அந்த ஒரு மணி நேரத்தில் டிவியைப் பார்க்கவில்லை, அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மட்டும் நடுங்கியது. படம் முடிந்தது யாருக்கும் தெரியவில்லை, பேர்கள் ஓடத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. ஒரு ஆமிக்காரன் நித்திரையாகிவிட்டிருந்தான். அந்தப் பெடியன் அவனைத் தட்டி எழுப்பிவிட்டு, படலையடியில் நின்று, தனக்குத் தெரிந்த கொச்சைத் தமிழில் அம்மாவிடம் "படம் நல்லா இல்லே" என்றான். கண் மட்டும் நடுவறைப் பக்கம் போய் வந்தது.

அவர்கள் போனதும் சனம் மாமாவை ஏசத் தொடங்கியது. இதுக்கா நாள் முழுக்க வாயப் பிளந்துகொண்டு இருந்தம், உனக்கு ஹிந்தியும் தெரியா ஒரு மண்ணும் தெரியா என்று கேட்டார்கள். மாமா வாயே திறக்கவில்லை. சனம் போய், கதவைச் சாத்திய பிறகு அப்பா மூட்டையை நகர்த்தினார். அண்ணன் கண்ணெல்லாம் சிவந்து, கையும் கழுத்தும் தடித்துப்போய் வெளியே வந்தான். அப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த ஆமிப் பெடியன் பாத்த பார்வை சரியில்ல. இனி இவன இஞ்ச வச்சிருக்க ஏலாது" என்று அம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னார்.

எனக்கு அது காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. நான் உள்ளறை மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். அண்ணன் சொறிந்துகொண்டே வந்து பக்கத்தில் குந்தினான்.

"தங்கச்சி, அந்தப் பாட்டு… அவ எங்க நிண்டு பாடினவ?"

நான் சுவர்ப் பக்கம் இன்னும் தள்ளிக் குந்தினேன்.

"தோணியிலதானே? சத்தம் கேட்டது எனக்கு. சொல்லன்."

"சொல்ல மாட்டன்."

"ஏங்கா கோவம்? சொல்லன், தோணியிலயா?"

"சொல்ல மாட்டன் போ! மொக்குப் படம். உன்னாலதான் அந்த மொக்குப் படத்தக் கொண்டுவந்தது. வேணுமெண்டா நீயே போய்ப் பாரு!"

அவன் சிரித்தான். "சரி, நாளைக்குச் சொல்லு."

"நாளைக்கும் சொல்ல மாட்டன்."

விடிய நான் எழும்பியபோது அவன் பாய் சுருட்டிச் சுவரில் சாத்தியிருந்தது. கிழக்கு வெளுக்க முன்னம் அப்பா அவனை மீன் வலைக்குக் கீழே படுக்கவைத்துத் தோணியில் அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார். ரேடியோவை எனக்கென்று விட்டுப் போயிருந்தான். கோபம் ஆறாததால் அன்று முழுவதும் அதை நான் தொடவில்லை.

ஊருக்குச் சொல்லிவைத்த பொய் அன்றிலிருந்து உண்மையாகியது. கொழும்பில் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான் என்று செய்தி வந்தது. இரண்டு மாதம் நின்றான். ஒருநாள் பாண் வாங்கக் கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அப்பா தேடாத இடமில்லை, அம்மா போய் நிற்காத வாசலில்லை. இரண்டு பேரும் இப்போது இல்லை. மாமா அதற்குப் பிறகு ஒரு ஹிந்தி வார்த்தை பேசி நான் கேட்கவில்லை.

போன வருடம் என் மகள் தன் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துத் தந்தாள். இப்போது கீழே எழுத்தும் ஓடுகிறது, எல்லாம் விளங்குகிறது. அது நல்ல படமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டுதான் பார்த்தேன். சின்னப் பிள்ளைக்கு விளங்காத ஏதோ ஒன்று அதில் இருந்துவிட்டால் கொஞ்சம் மனம் ஆறும் என்று நினைத்தேன். இல்லை, மூன்று மணி நேரமும் பார்த்தேன், அது இப்போதும் மொக்குப் படம்தான். அதன் மௌனம் ஆயிரம் கதை பேசுகிறது என்று கீழே யாரோ மெச்சி எழுதியிருந்தார்கள். போனை எறியப் போனேன், மகள் பறித்துக்கொண்டாள்.

பாட்டு வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மகள் பக்கத்தில் இருந்தாள், அதனால் வாய்க்குள்தான் சொன்னேன்.

தோணியிலதான், ராசா.